கம்பெனி ஏசி

தான் ஓட்டுகிற சொந்த லாரிக்கு ஏசி போடுவதில் அப்பய்யாவுக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அது பிற்பாடு போட்டது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

"வண்டியோடயே வந்த மாதிரி இருக்கணும் மாதவா. பாக்குறவன் ஒரு கேள்வி கேக்கக் கூடாது."

மாதவனுடைய பட்டறை அருப்புக்கோட்டையிலிருந்து பாலவனத்தம் போகிற ரோட்டில் இருந்தது. கார் ஏசி வேலைதான் அவனுக்கு அதிகம். லாரி எப்போதாவது வரும். "அதுக்கென்னண்ணே, புது லாரியெல்லாம் இப்ப ஏசியோடதான வருது. அடிபட்டுக் கெடக்குற புது வண்டி ஒண்ணுலருந்து அந்த டேஷ்போர்டு துண்டையே கழட்டி வாங்கிருவோம். கூட்டிக் கொறைக்கிற திருகு, லைட்டு, நீலம் செகப்புக் கோடு எல்லாம் அச்சு அசல் கம்பெனிதான்" என்றான்.

பட்டறை வாசல் வேப்பமர நிழலில் நின்றிருந்த அப்பய்யாவின் மனைவி சௌடம்மாளுக்குத் திருகு பற்றிக் கவலை இல்லை. "குளுமை நிக்குமா தம்பி? உச்சி வெயில்ல ஓட்டுனாலும் நிக்குமா?" என்று கேட்டாள்.

"ஊட்டி மாதிரி இருக்கும் அண்ணி."

அவள் சிரிக்கவில்லை. அவள் கண்ணுக்குள் போன வருஷத்துக் கத்திரி வெயில் அப்படியே இருந்தது. தூத்துக்குடியில் கரி லோடு இறக்கிவிட்டுத் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்த அப்பய்யா, அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். போன் வந்து அவள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஐஸ் பைகளுக்கு நடுவில் கிடந்தார். அவளைப் பார்த்து, "யாரு நீ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவளால் மறக்க முடியவில்லை. பிழைத்து எழுந்த பிறகு டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு தடவை வெயில் அடிச்ச ஒடம்பும்மா. மறுபடி அடிக்கிறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. வேர்க்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க. வேர்வை நின்னு, பேச்சுக் குளறுனா ஒரு நிமிசம் தாமதிக்காதீங்க."

தெரிந்தவர் யாரும் பார்க்காத ஊரில் விழுந்தது நல்லதாகப் போயிற்று என்று அப்பய்யா நினைத்தார். ஊருக்கு வந்ததும் மஞ்சள்காமாலை என்று சொல்லிவிட்டார். காரணம் இருந்தது. திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரியை மொத்தமாக வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்புகிறவர் நவநீதகிருஷ்ணன். அப்பய்யாவுக்கு வருகிற லோடெல்லாம் அவருடையதுதான். அவர் வண்டிகளில் ஓடிய ஒரு டிரைவருக்குப் பார்வை மங்குகிறது என்று காதில் விழுந்ததும், "நீ ரெஸ்ட் எடுப்பா" என்று சொல்லி அன்றோடு நிறுத்திவிட்டார். அந்த ஆள் இப்போது ஒரு மில் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார்.

"ஒடம்புக்கு முடியலன்னு ஒருத்தன் காதுக்குப் போச்சு, நான் அவ்வளவுதான். ஏசி எதுக்குப் போட்டன்னு கேட்டாக்கூடத் தோண்டிருவாங்க. நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று அப்பய்யா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

மாதவன் சொன்ன மாதிரியே செய்தான். என்ஜினோடு கம்ப்ரஸரைப் பிணைத்து பெல்ட் மாட்டினான். ரேடியேட்டருக்கு முன்னால் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரை வைத்தான். கேபினுக்குள் சீட்டுகளுக்கு நடுவில் புடைத்துக்கொண்டிருக்கும் என்ஜின் மூடிக்குச் சூடு தாண்டாத கனத்த ரப்பர் போர்த்தினான். அப்பய்யா அதையெல்லாம் மேலோட்டமாகப் பார்த்தார். டேஷ்போர்டு வேலை வந்தபோது மட்டும் அசையாமல் பக்கத்திலேயே நின்றார். முதலில் கொண்டுவந்த துண்டின் கறுப்பு, பழைய டேஷ்போர்டின் கறுப்போடு சேரவில்லை என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவதின் ஓரத்தில் ஒரு முடி அளவு இடைவெளி தெரிந்தது, அதை அரத்தால் ராவச் சொன்னார். கடைசியில் மூன்று திருகுகளும் ஒரு சின்னப் பச்சை லைட்டும் பிறவியிலேயே இருந்ததுபோல உட்கார்ந்துவிட்டன. அப்பய்யா அவற்றை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துச் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவள் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாள். அதனால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கத்திரி பிறந்ததும், "நானும் லோடுக்குக் கூட வாரேன்" என்றாள்.

"லாரியில பொம்பளைக்கு என்ன வேல?"

"தூத்துக்குடியில எங்க சின்னம்மாவுக்கு முடியலன்னு சொல்லிக்கிருங்க. நீங்க சொல்லாத பொய்யா?"

அவர் முறைத்தார். ஆனால் மறுக்கவில்லை. அப்படித்தான் அவள் ஒவ்வொரு லோடுக்கும் இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார ஆரம்பித்தாள். ரோட்டைப் பார்ப்பதைவிட அவர் நெற்றியைத்தான் அதிகம் பார்த்தாள். "நான் என்ன சினிமாவா?" என்று அவர் எரிந்து விழுவார். முதல் சில லோடுகள் ஒரு குறையும் இல்லாமல் போய்வந்தன. கேபின் நிஜமாகவே குளிர்ந்தது. ஒருநாள் அவளுக்குப் போர்த்திக்கொள்ள வேண்டும் போலக்கூட இருந்தது. அப்படியும் வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, அடியில் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு நவநீதகிருஷ்ணனின் கரி மூட்டைக் கிட்டங்கியில் லோடு ஏற்றி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. மூட்டைகளை எறிந்து அடுக்க அடுக்கக் கரித்தூள் புகைபோல எழும்பி, வண்டியின் முகத்திலும் படிந்தது. அப்பய்யா தார்ப்பாய் கட்டி முடித்துவிட்டுக் கேபினில் ஏறியபோது நவநீதகிருஷ்ணன் கதவருகில் வந்து எட்டிப் பார்த்தார். வெள்ளை வேட்டி, கையில் கைக்குட்டை.

"அட, ஏசியா அப்பய்யா! இந்த மாடல்ல ஏசி வந்துச்சா?"

சௌடம்மாள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணு ரெண்டு வண்டியில வந்துச்சு மொதலாளி. ரிப்பேராக் கெடந்துச்சு, இப்பத்தான் சரி பண்ணுனேன்" என்றார் அப்பய்யா, முகம் மாறாமல்.

நவநீதகிருஷ்ணன் ஒரு திருகைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. நமக்குத்தான் ஒடம்பு கேக்க மாட்டேங்குது, ஒங்களுக்கெல்லாம் என்ன, இரும்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி கிளம்பியது. அப்பய்யா பச்சை லைட்டைத் தட்டி, "பாத்தியா?" என்பதுபோல அவளைப் பார்த்தார்.

அருப்புக்கோட்டை தாண்டிப் பந்தல்குடியையும் தாண்டி நாலுவழிச் சாலையில் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கரிசல், உழவு பார்க்காமல் வெடித்துக் கிடந்தது. கருவேலப் புதர்களைத் தவிரப் பச்சை இல்லை. சாயத் தொடங்கிய வெயில் வலதுபக்கக் கண்ணாடி வழியாக அப்பய்யாவின் மேலேயே விழுந்தது. இடதுபக்கம் உட்கார்ந்திருந்த சௌடம்மாளுக்கு நிழல்.

"காத்துல குளுமை கொறஞ்ச மாதிரி இல்ல?" என்று கேட்டாள்.

"லைட்டு எரியுதுல்ல? காத்து வருதுல்ல?"

"வருது. ஆனா..."

"வெளிய எவ்வளவு வெக்க தெரியுமா? அதுக்கு இது பரவாயில்ல."

"கண்ணாடிய எறக்கி விடுங்களேன்."

"ஏசி வண்டியில கண்ணாடிய எறக்கிட்டுப் போனா எவனாச்சும் சிரிப்பான்."

அவள் பக்கத்துக் காற்றில் கையை நீட்டிப் பார்த்தாள். சில்லென்றும் இல்லை, சூடாகவும் இல்லை. அவருக்குப் பிடிக்காததையே பேசி, ஓட்டும்போது கோபப்படுத்திவிடக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தார். கொஞ்ச தூரம் போனதும் பாட்டிலைத் தேடி, "தண்ணி குடுக்கவே மாட்டியா?" என்றார். அவள் சட்டென்று அவர் நெற்றியைப் பார்த்தாள், வேர்வை இல்லை, ஏசி வண்டியில் வேர்க்காதுதான். ஆனால் முன்னால் போன பஸ்ஸை அவர் ஒழுங்காகத்தான் ஒதுங்கி முந்தினார். தனக்குத்தான் பயம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம். எனக்குத் தல வலிக்கிது" என்று பொய் சொன்னாள்.

எட்டயபுரத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. லாரிகள் நிற்கிற இடம். அப்பய்யா வண்டியை நிறுத்தி இறங்கினார். இறங்கும்போது கால் படியைத் தேடியது. சௌடம்மாள் மறுபக்கம் இறங்கி, வழக்கம்போல வண்டிக்கு அடியில் பார்த்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தால் வண்டி நிற்கிற இடத்தில் குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டி, மண்ணில் ஒரு தட்டு அளவு ஈரம் படியும். இத்தனை நாளும் அப்படித்தான். இன்றைக்கு ஒரு சொட்டு இல்லை. குனிந்து குழாயின் நுனியைத் தொட்டாள். காய்ந்து கிடந்தது.

அவள் நிமிர்ந்தபோது கடையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்னண்ணே, மயினியும் கூட வந்துருக்காக போல!" அருப்புக்கோட்டை லாரி ஸ்டாண்டில் அப்பய்யாவுக்குப் பழக்கமான டிரைவர் சோணைமுத்து. லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான்.

அப்பய்யா அவனுக்கு என்னவோ நீளமாகப் பதில் சொன்னார். சோணைமுத்து புரியாமல் சிரித்தான். "என்னண்ணே, எங்கிட்டப் போயி தெலுங்கு பேசுறீக?"

தெலுங்கு இல்லை, கன்னடம். நெசவுக் குடும்பத்தில் பிறந்த அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. மற்றவர் முன்னால் அதைப் பேசுவது மரியாதை இல்லை என்று நினைப்பவர் அப்பய்யா. லாரி கேபினில் அவளோடு தனியாக இருக்கும்போதுகூடத் தமிழ்தான் பேசுவார். அவர் இப்போது சோணைமுத்துவைப் பார்த்து, செத்துப்போன தன் தம்பி பெயரைச் சொல்லி, தறியில் நூல் அறுந்துவிட்டது, போய் முடிச்சுப் போடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சௌடம்மாள் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். நெற்றியில் கை வைத்தாள். அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கொதித்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

அவர் அவள் கையைத் தட்டிவிட்டு லாரியை நோக்கி நடந்தார். சாவி கையில் இருந்தது. கதவைத் திறக்கப் போனவரின் கையிலிருந்து அவள் சாவியைப் பறித்தாள். அவர் கத்தினார். வாழ்நாளில் அவளைச் சொல்லாத வார்த்தைகளைச் சொன்னார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து யாரும் எழுந்து வரவில்லை.

அவருக்கு வெறும் மயக்கம்தான் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். சொன்னால் சோடா கொடுப்பார்கள். கட்டிலில் படுக்க வைத்து, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் இல்லை. சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தது ஞாபகம் வந்தது. வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிற அந்த டிரைவர் முகமும் வந்தது. அதற்குள் அப்பய்யா லாரிப் படியைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"சோணைமுத்துத் தம்பி!" அவள் குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது. "இவுகளுக்கு வெயில் அடிச்சிருச்சு! போன வருசமும் அடிச்சு, சாகக் கெடந்து பொழச்சாக. மஞ்சக்காமாலன்னு ஊருல சொன்னது பூராப் பொய்யி! தண்ணி கொண்டாங்க. குடிக்க இல்ல, மேல ஊத்த!"

சோணைமுத்துவின் சிரிப்பு அறுந்தது. அடுத்த மூச்சில் அவன் அப்பய்யாவின் அக்குளுக்குக் கீழே கை கொடுத்திருந்தான். கொட்டகை நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். கடைக்காரி தங்கம்மாள் டிரம்மில் இருந்த தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு கொடுத்தாள். சௌடம்மாள் அவர் சட்டையைக் கிழித்தே எடுத்தாள். யாரோ ஒருவர் வாயில் சர்பத் புகட்ட வந்தார். "வேணாம், பொரையேறிரும்!" என்று தடுத்தாள். நர்ஸ் போன வருஷம் சொன்னது. தூத்துக்குடியிலிருந்து வந்து நின்றிருந்த மீன் வண்டியைப் பார்த்ததும் அவளே ஓடினாள். அந்த டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை, மீன் வாடையோடு ஐஸை ஒரு சாக்கில் அள்ளிக் கொடுத்தார். கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் வைத்தாள். இரண்டு பேர் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினார்கள். அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண் மேலே செருகியது.

"ஆம்புலன்ஸ் கெளம்பிருச்சாம் மயினி. வந்துரும்" என்று சோணைமுத்து போனைக் காதில் வைத்தபடியே சொன்னான். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் தலை திரும்பியது.

ஆஸ்பத்திரியில் அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். சேலையில் கரியும் மீன் தண்ணீரும் ஊறியிருந்தன. பக்கத்தில் உட்கார ஒருவரும் வரவில்லை. யாருக்குப் போன் செய்வது என்று தெரியவில்லை. சென்னையில் வேலை பார்க்கிற மகள் ஸ்ருதியின் எண்ணை எடுப்பாள், பிறகு வைத்துவிடுவாள். உள்ளே போய்விட்டு வருகிற ஒவ்வொரு நர்ஸின் முகத்தையும் படித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. பிழைத்தாலும் "யாரு நீ?" என்று மறுபடி கேட்டுவிடுவாரோ என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேல் இருந்தது.

விளக்குப் போட்ட பிறகு கூப்பிட்டார்கள். அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். உள்ளே நர்ஸ் குனிந்து, "ஐயா, ஒங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

"அப்பய்யா" என்றார் தமிழில். குரல் தேய்ந்திருந்தது. "அருப்புக்கோட்டை. வெளிய என் வீட்டுக்காரி நிக்கும், வரச்சொல்லுங்க."

நர்ஸ் கூப்பிடக் காத்திராமல் அவள் உள்ளே போனாள்.

தன் வண்டியை டீக்கடையில் போட்டுவிட்டு அப்பய்யாவின் லோடைச் சோணைமுத்துதான் கொண்டுபோய் இறக்கினான். அதனால் அப்பய்யா வெயிலில் விழுந்தது நவநீதகிருஷ்ணனுக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று. அவர் போனில், "ஒடம்பப் பாருப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொன்னார். அப்பய்யாவுக்கு அந்த வார்த்தைகள் போதும். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஊரு முன்னாடி கத்திட்டியேடி" என்று மட்டும் சொன்னார்.

"கத்தலேன்னா இன்னிக்குப் படுத்துக்கிட்டு இதச் சொல்ல நீங்க இருந்துருக்க மாட்டீக."

பல நாள் அவர் அவளோடு பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார், அவ்வளவுதான். லோடும் வரவில்லை. சௌடம்மாள் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வெறும் லாரி வாசலில் வெயிலில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், தானே அவர் பிழைப்பைப் பிடுங்கிவிட்டோமோ என்று நினைத்தாள்.

மாதவன் வந்து வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றினான். கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவில் கரித்தூள் அடை அடையாக அப்பியிருந்தது. "காத்து போக வழியில்லண்ணே. அழுத்தம் ஏறவும் கம்ப்ரஸர் தானா நின்னுருச்சு. கரி லோடுன்னா ஒவ்வொரு லோடுக்கும் காத்தடிச்சு சுத்தம் பண்ணணும்."

"அப்ப லைட்டு எப்படித் தம்பி எரிஞ்சுச்சு?" என்று சௌடம்மாள் கேட்டாள்.

"லைட்டு சுவிட்சுக்குத்தான் அண்ணி. சுவிட்சு போட்டா எரியும். உள்ள குளுமை இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. கம்பெனியிலயும் அப்படித்தான்..."

"அழகா இருக்கணும்னு இவுக சொன்னாக, நீயும் செஞ்ச. உசுரு இருக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணலயா?"

மாதவன் குனிந்து கண்டென்சரைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தான். மறுநாள் அப்பய்யா விடிவதற்குள் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் திருச்சுழி பஸ் ஏறிப் போனார். திரும்பி வரும்வரை அவள் உலை வைக்கவில்லை.

வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அவரே பேசினார். "மொதலாளிகிட்ட நானே எல்லாத்தையும் சொன்னேன். ஏசி பிற்பாடு போட்டதுங்கிறது வரைக்கும் சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"மொதல்ல கோபப்பட்டாரு. எங்கிட்டயே பொய் சொன்னியான்னாரு. அப்புறம், மத்தியான லோடு தர மாட்டேன், முந்துன நாளே ஏத்தி வைக்கச் சொல்றேன், விடிய எடுத்துக்கிட்டு வெயிலுக்கு முன்னாடி போயிரணும்னாரு. லோடு கொறச்சுத்தான் கெடைக்கும். பரவாயில்லன்னுட்டேன்."

அவள் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோணைமுத்து வந்தான். வாசலில் நின்றுகொண்டு, மழை வருமா, டீசல் ஏறுமா என்று சுற்றிச் சுற்றி எதையோ பேசினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, எனக்கும் போன மாசம் தெக்க போகும்போது ரெண்டு தடவ கண்ண இருட்டிருச்சு. வீட்டுல சொல்லல. மொதல்ல எப்படி இருந்துச்சு ஒங்களுக்கு?" என்று கேட்டான்.

சௌடம்மாள் மோர்ச் செம்போடு நிலைப்படிவரை வந்திருந்தாள். அப்பய்யா அவனை உட்காரச் சொல்லி, போன வருஷம் தூத்துக்குடியில் தார்ப்பாய் மடித்த இடத்திலிருந்து ஆரம்பித்தார். காது அடைத்தது, கை விரல் மரத்தது, எதிரே நின்றவர்கள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோல் தெரிந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளிடம்கூடச் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. தான் வெளியே போனால் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று, செம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.